எலும்புக் கட்டிப் பதிவேட்டில் இல்லாத கட்டம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மருத்துவப் பக்கத்தில் எலும்புக் கட்டிகள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை படித்தபோது நானே கொஞ்சம் பயந்துவிட்டேன், இரண்டாவது தடவை கோபம் வந்தது. ஒரு மருத்துவமனைக்குப் பல வருடமாக வந்த நோயாளிகளின் அட்டவணையைப் போட்டு, அதில் புற்றுநோய் வரிசைகள்தான் நீளமாக இருக்கின்றன என்று காட்டி, எலும்பில் கட்டி என்றாலே பெரும்பாலும் புற்றுநோய்தான் என்கிற மாதிரி முடித்திருந்தார் கட்டுரையாளர். அந்த அட்டவணை பொய் என்று சொல்ல வரவில்லை. அந்த மாதிரி அட்டவணைகளுக்கு வருடக்கணக்கில் கோடு போட்டுக் கொடுத்தவன் நான். நோய்க்குறியியல் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன், எங்கள் ஆய்வகத்தின் எலும்பு ரெஜிஸ்டர் பெரும்பாலும் என் கையெழுத்தில்தான் இருக்கும். அதனால் அதில் யார் பெயர் ஏறும், யார் பெயர் ஏறாது என்று எனக்குத் தெரியும்.

முதலில் ஒரு பெயர் எப்படி அதில் ஏறுகிறது என்று சொல்லிவிடுகிறேன். அறுவை அரங்கிலிருந்து ஒரு சின்ன டப்பா வரும். உள்ளே ஃபார்மலினில் மிதக்கும் எலும்புத் துணுக்கு, கூடவே ஒரு சீட்டு. மற்ற சதை என்றால் மெழுகில் புதைத்து, மைக்ரோடோம் என்கிற சீவும் கருவியில் மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி ஒன்றிரண்டு நாளில் ஸ்லைடு கொடுத்துவிடலாம். எலும்பை அப்படிச் சீவ முடியாது, கத்திதான் உடையும். அதிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தை ஃபார்மிக் அமிலம் மாதிரி ஏதாவது ஒன்றில் ஊறப்போட்டுக் கரைக்க வேண்டும். துணுக்கு கெட்டியாக இருந்தால் நாள்கணக்கில் ஆகும், தினமும் எடுத்து ஊசியால் குத்திப் பார்ப்போம், வளைகிறதா என்று விரலால் பார்ப்போம். அவசரப்பட்டு வீரியம் கூடின அமிலத்தில் போட்டால் செல்களெல்லாம் வெந்த மாதிரி ஆகி ஸ்லைடில் ஒன்றும் தெரியாது. 'ஏன் இத்தனை நாள்' என்று ஜன்னலில் வந்து சண்டை போட்டவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்திருக்கிறது. அப்புறம் டாக்டர் ஸ்லைடைப் பார்த்துப் பெயர் சொன்னதும் ரெஜிஸ்டரில் ஒரு வரி: எண், வயது, ஆணா பெண்ணா, எந்த எலும்பு, என்ன கட்டி. வருடக் கடைசியில் இந்த வரிகளை எண்ணினால் அட்டவணை. உங்கள் பக்கத்தில் வந்ததும் அதுதான்.

அப்படியானால் டப்பா வராதவர்? அவர் அந்தக் கணக்கில் கிடையவே கிடையாது. எலும்பில் வருவதிலேயே பரவலானது ஆஸ்டியோகாண்ட்ரோமா என்கிற, புற்றுநோய் இல்லாத சாதாரணக் கட்டி. முழங்காலுக்கு மேலேயோ கீழேயோ கல் மாதிரி ஒரு புடைப்பு, வலிக்காது, வளரும் வயதில் கூடவே வளர்ந்து வளர்ச்சி நின்றதும் அதுவும் நின்றுவிடும். இதை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் முழு ஆயுசும் வாழ்ந்து முடிப்பவர்கள் எத்தனையோ பேர். டாக்டரிடம் காட்டினாலும், நரம்பை அழுத்தாமல் இருந்தால் 'இருக்கட்டும், விடுங்கள்' என்றுதான் அநேகமாகச் சொல்வார். பிள்ளைகளுக்குக் கால் சுளுக்கி எக்ஸ்ரே எடுக்கும்போது எதேச்சையாகத் தென்படும் நான்-ஆஸிஃபையிங் ஃபைப்ரோமா என்று இன்னொன்று இருக்கிறது. வாயில் நுழையாத பெயர், ஆனால் அப்பாவி. பல பிள்ளைகளுக்கு இருக்கும், பெரியவர்களாகும்போது எலும்பு தானே அதை நிரப்பிக்கொள்ளும். எக்ஸ்ரே பார்க்கத் தெரிந்தவர் அதில் ஊசிகூட வைக்க மாட்டார். ஆக, அப்பாவிகள் எல்லாம் வீட்டிலேயே நின்றுவிட, சந்தேகத்துக்கு உரியவை மட்டும் டப்பாவில் ஏறி எங்களிடம் வருகின்றன. அதிலும் பெரிய மருத்துவமனை என்றால் சின்ன மருத்துவமனைகள் கைகழுவி அனுப்பியதெல்லாம் அங்கேதான் வந்து சேரும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் சேர்ந்த 11,087 எலும்புக் கட்டிகளை வைத்து 1996-இல் வந்த கணக்கு இந்தத் துறையில் பிரசித்தம், அதிலும் புற்றுநோய்கள்தான் சாதாரணக் கட்டிகளை விட அதிகம். அது அந்த வாசலுக்கு வந்தவர்களின் கணக்கு. ஊரில் எத்தனை பேருக்கு என்ன இருக்கிறது என்பது வேறு கணக்கு. எலும்பிலேயே தொடங்கும் புற்றுநோய் எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றில் ஒன்றுகூட வராது என்பதைக் கட்டுரையில் ஒரு வரி போட்டிருந்தால் எத்தனையோ பேர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

'எது முதலிடம்' என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்களே, அதிலும் ஒரு சமாச்சாரம் இருக்கிறது. மல்டிபிள் மைலோமா என்பது எலும்பு மஜ்ஜையில் வரும் ரத்தப் புற்றுநோய். அதை எலும்புக் கட்டியாக எண்ணுகிற மருத்துவமனையில் அதுதான் முன்னால் நிற்கும். அது ரத்தவியல் துறையின் பாடு என்று ஒதுக்கிவிடுகிற மருத்துவமனையில், எலும்பை உருவாக்கும் செல்களில் பிறக்கும் புற்றுநோயான ஆஸ்டியோசர்கோமா முதலிடத்துக்கு வந்துவிடும். எங்கள் ரெஜிஸ்டரிலேயே நடுவில் ஒரு வருடம் இந்த விதி மாறியது, வரிசையும் மாறியது, நோயில் ஒரு மாற்றமும் இல்லை. அதே மாதிரிதான் 'அதிகரித்து வருகிறது' என்று கட்டுரையில் எழுதியிருப்பதும். புதிதாக எம்.ஆர்.ஐ. வந்தால் கூடும், எலும்புப் புற்றுநோய்க்கென்று ஒரு அறுவை நிபுணர் வேலைக்குச் சேர்ந்தால் மறு வருடமே கூடும். அவர் எங்கே போகிறாரோ கேஸ்களும் பின்னாடியே போகும்.

இதை விட எனக்கு உறுத்தியது இன்னொன்று. தலைப்பில் 'முதல்நிலை எலும்புக் கட்டிகள்' என்று போட்டுவிட்டு, முதல்நிலை என்றால் என்ன என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. எலும்பிலேயே பிறந்த கட்டி என்று அர்த்தம். வேறு எங்கோ பிறந்து எலும்புக்கு வந்து சேர்ந்தது அதில் வராது. ஆனால் நாற்பது வயதுக்கு மேல் ஒருவருக்கு எலும்பில் சந்தேகப்படும்படி ஏதாவது தெரிந்தால் முதலில் தேட வேண்டியது வந்து சேர்ந்ததைத்தான்: மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு இந்த ஐந்தில் எங்காவது மூலம் இருக்கிறதா என்று. பெரியவர்களிடம் அந்த வகைதான் பல மடங்கு அதிகம். அறுபது வயதுக்காரர் ஒருவர் உங்கள் அட்டவணையைப் பார்த்துவிட்டு 'இதெல்லாம் சின்னப் பசங்களுக்கு வருவதாம்' என்று முதுகுவலியோடு சும்மா இருந்துவிடக் கூடாது.

சரி, அப்போ அந்த அட்டவணை எதற்குமே உதவாதா என்றால், உதவும், நன்றாகவே உதவும். கட்டுரையில் நீங்கள் இடம் போதவில்லை என்றோ என்னவோ விட்டுவிட்ட, அட்டவணையின் இரண்டு பத்திகளில், அதாவது நெடுவரிசைகளில்தான் விஷயமே இருக்கிறது. ஒன்று வயது, இன்னொன்று எலும்பில் எந்த இடம் என்பது.

எங்கள் ஆய்வகத் தலைமை டாக்டர் எலும்பு ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைப்பதற்கு முன்னால் நிமிர்ந்து மூன்று கேள்வி கேட்பார். வயசு என்ன? எந்த எலும்பு? நுனியா, நுனிக்குக் கொஞ்சம் உள்ளேயா, நடுத்தண்டா? பதில் சொன்னதும் மூன்று பெயர் சொல்வார், அப்புறம்தான் குனிந்து பார்ப்பார். பெரும்பாலும் அந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். சீட்டில் வயது எழுதாமல், எக்ஸ்ரேயும் இல்லாமல், 'எலும்பு வீக்கம்' என்று இரண்டே வார்த்தையோடு டப்பா வந்தால் ஸ்லைடைத் தொடவே மாட்டார், என்னைத்தான் வார்டுக்கு விரட்டுவார், 'போய் எக்ஸ்ரே வாங்கிட்டு வா'. எனக்கு அப்போதெல்லாம் எரிச்சலாக இருக்கும். ஒரு நாள் இரண்டு ஸ்லைடைக் காட்டி விளக்கினார். ஒன்று எலும்பு முறிந்து சில வாரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் இடம், இன்னொன்று ஆஸ்டியோசர்கோமா. இரண்டிலும் இளம் எலும்பு அவசர அவசரமாக முளைத்துக்கொண்டிருக்கிறது. முறிவு என்று தெரியாமல் முதல் ஸ்லைடை மட்டும் பார்த்தால் புற்றுநோய் என்று எழுதிவிட ஆள் இருக்கிறது. விரலில் வரும் குருத்தெலும்புக் கட்டி இன்னும் விசேஷம். விரல் எலும்பில் ஸ்லைடு ஒரு மாதிரி இருந்தால் சாதாரணக் கட்டி, சுரண்டிவிட்டால் போதும். அதே மாதிரி ஸ்லைடு இடுப்பெலும்பிலிருந்து வந்தால் அது காண்ட்ரோசர்கோமா, குருத்தெலும்புப் புற்றுநோய். படம் ஒன்றுதான், இடம் மாறினால் தீர்ப்பு மாறும்.

இப்போது அந்தப் பத்திகள் என்ன சொல்கின்றன என்று பாருங்கள். ஆஸ்டியோசர்கோமா பத்திலிருந்து இருபது வயதுக்குள் குவிகிறது, பையன்களிடம் சற்று அதிகம், பெண் பிள்ளைகளுக்குச் சற்று முன்னதாகவே வருகிறது, ஏனென்றால் அவர்கள் முன்னதாக உயரம் போடுகிறார்கள். இடம் என்று பார்த்தால் தொடை எலும்பின் கீழ்முனை, அடுத்தது கீழ்க்கால் எலும்பின் மேல்முனை, அப்புறம் தோளுக்குக் கீழே மேற்கை எலும்பு. பாதிக்கு மேல் முழங்காலைச் சுற்றியே. நாம் உயரமாவதில் பெரும்பங்கு முழங்காலை ஒட்டிய வளர்ச்சித் தட்டுகளில்தான் நடக்கிறது, எங்கே செல்கள் வேகமாகப் பெருகுகின்றனவோ அங்கேதான் கணக்கும் தப்புகிறது என்று டாக்டர் சொல்வார். வயதானவர்களிடம் இன்னொரு சின்ன மேடு உண்டு. எலும்பு தாறுமாறாக உருவாகும் பேஜட் நோய் உள்ள எலும்பிலும், வேறு நோய்க்காக என்றைக்கோ ரேடியேஷன் கொடுத்த எலும்பிலும் அது வரும். 1920-களில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் கடிகார முகப்பில் ரேடியம் சாயம் பூசிய பெண்கள், தூரிகை முனையைக் கூராக்க உதட்டில் வைத்துவைத்து அந்த ரேடியத்தை விழுங்கி, அது எலும்பில் போய் உட்கார்ந்து, தாடை அழுகியும் எலும்பில் சர்கோமா வந்தும் இறந்தார்கள். ஹாரிசன் மார்ட்லண்ட் என்கிற மருத்துவர்தான் அதை ஆராய்ந்து வெளியே கொண்டுவந்தவர்.

ஈவிங் சர்கோமா என்கிற எலும்புப் புற்றுநோயும் பிள்ளைகளுக்குத்தான், ஆனால் அதற்கு நடுத்தண்டும் இடுப்பெலும்பு, விலா மாதிரி எலும்புகளும் பிடிக்கும். ஜேம்ஸ் ஈவிங் 1921-இல் விவரித்தார். 11-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் வருவது என்று பிற்பாடு தெரிந்தது. ஆப்பிரிக்க, கிழக்காசிய வம்சாவளியினரிடம் அரிது. இதில் ஒரு பெரிய ஏமாற்று உண்டு: காய்ச்சல் வரும், இடம் சூடாகச் சிவந்து வீங்கும், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். அளவு ஏறும். யார் பார்த்தாலும் எலும்பில் சீழ் என்றுதான் நினைப்பார்கள். கீறினால் கொழகொழவென்று வருவதும் சீழ் மாதிரியே இருக்கும். 'சீழ், கல்ச்சருக்கு அனுப்பவும்' என்று கிருமி ஆய்வகத்துக்குப் போய், அங்கே ஒன்றும் வளராமல், கடைசியில் எங்களிடம் வந்த டப்பாக்கள் உண்டு. சீழ் என்று நினைத்தாலும் கொஞ்சம் பயாப்சிக்கும், அதாவது திசுப் பரிசோதனைக்கும் அனுப்பு, கட்டி என்று நினைத்தாலும் கொஞ்சம் கல்ச்சருக்கும் அனுப்பு என்பது எங்கள் டாக்டர் புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் சொல்லும் பாடம்.

ஜெயன்ட் செல் ட்யூமர், ஸ்லைடில் பெரிய பெரிய செல்கள் தெரியும் கட்டி, இதற்கு நேர் எதிர் வயது. வளர்ச்சித் தட்டு மூடின பிறகுதான் வரும், இருபதிலிருந்து நாற்பதுக்குள், பெண்களுக்குச் சற்று அதிகம், எலும்பின் நுனியிலேயே மூட்டை ஒட்டி. புற்றுநோய் இல்லை, ஆனால் இருக்கும் இடத்தில் எலும்பை அரித்து ஓட்டை போட்டுவிடும், சுரண்டி எடுத்தாலும் திரும்ப வரக்கூடியது, அதனால் 'சாதாரணக் கட்டி' என்ற வரிசையில் அதைப் போடும்போது எனக்கு எப்போதும் கை கொஞ்சம் தயங்கும். இதிலும் ஒரு போலி உண்டு. கழுத்தில் இருந்துகொண்டு ரத்தத்தின் கால்சியத்தைக் கவனிக்கும் பாராதைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்தால் எலும்பில் பழுப்புக் கட்டி என்று ஒன்று வரும், ஸ்லைடில் அச்சு அசலாக ஜெயன்ட் செல் மாதிரியே இருக்கும். ரத்தத்தில் கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் பார்த்தால் போதும், தெரிந்துவிடும், எலும்பில் கை வைக்கவே வேண்டாம், சுரப்பியைச் சரிசெய்ய வேண்டும். காண்ட்ரோசர்கோமா நாற்பதுக்கு மேல், இடுப்பெலும்பு, தொடையின் மேல்முனை, தோள். மெதுவாக வளரும், கீமோவுக்கும் ரேடியேஷனுக்கும் பெரும்பாலும் மசியாது, முழுசாக வெட்டி எடுப்பதுதான் வழி. இடுப்புக்குள் இருந்தால் வெளியே தெரிய வெகு நாளாகும்.

இவ்வளவு பத்திகள் உள்ள ரெஜிஸ்டரில் ஒரு கட்டம் மட்டும் கிடையாது. முதன்முதலில் என்றைக்கு வலித்தது?

அந்தக் கட்டம் இல்லாதது எனக்கும் பல வருடம் உறைக்கவில்லை. ஒரு நாள் ஒரு அம்மா ஜன்னலுக்கு வந்தார்கள். பதிமூன்று வயசுப் பையனின் ரிப்போர்ட் வாங்க. கையில் பிளாஸ்டிக் உறை, அதில் எக்ஸ்ரேக்கள். டாக்டருக்குப் பழைய படமும் வேண்டும் என்பதால் உறையை வாங்கி வைத்தேன். மூன்று படங்கள், மூன்றிலும் தேதி. கடைசிப் படத்தில் எனக்கே தெரிந்தது, தொடை எலும்பின் கீழ்முனையில் வெயில் கதிர் மாதிரி வெளியே சிதறும் வெள்ளைக் கோடுகள், பக்கத்தில் எலும்பின் மேல்தோல் முக்கோணமாகத் தூக்கியிருந்தது. நடுப் படத்தில் வெறும் மங்கல். முதல் படம் முழங்கால் மூட்டுக்கு எடுத்தது, அதன் மேல் ஓரத்தில், படம் முடிகிற இடத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளை மேகம். படத்தை எடுத்தவரோ பார்த்தவரோ ஓரத்தைப் பார்க்கவில்லை. பந்து விளையாடி விழுந்தான் என்று சொன்னதால் முறிவு இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறார்கள், முறிவு இல்லை, வலி மாத்திரை, மேலே தேய்க்க மருந்து. முதல் படத்துக்கும் மூன்றாவது படத்துக்கும் நடுவே ஐந்து மாதம். அந்த அம்மா, 'ராத்திரி ராத்திரி எழுந்து உட்கார்ந்துப்பான் சார், விளையாட்டு வலின்னுதான் நெனச்சோம்' என்றார்கள். என்ன ரிப்போர்ட் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை, உள்ளே டாக்டரைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அன்றைக்கு அந்த வரிக்குப் பக்கத்தில், ரெஜிஸ்டரின் ஓரத்தில், பென்சிலால் '5 மா.' என்று எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. அதற்கப்புறம் கேட்க முடிந்தவர்களிடமெல்லாம் கேட்டு ஓரத்தில் எழுதினேன்: எத்தனை வாரம், எத்தனை மாதம், முதலில் என்ன என்று சொன்னார்கள். 'சுளுக்கு', 'வாதம்', 'வளரும் வலி', 'சீழ்'. இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன், வந்தவர்களில் சிலரிடம் கேட்டதுதான். ஆனால் 'விழுந்தான்', 'அடிபட்டது' என்று தொடங்காத கதை குறைவு என்பது மட்டும் மனசில் நின்றுவிட்டது.

அடிபட்டதால் எலும்பில் புற்றுநோய் வருவதில்லை. இருக்கிற கட்டியின் பக்கம் அடி நம் கவனத்தைத் திருப்புகிறது, அதோடு ஒரு சாக்கும் கொடுத்துவிடுகிறது. கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ் கதையிலும் அதுதான். 1976 நவம்பரில் ஒரு கார் விபத்தில் அவருக்கு முழங்காலில் அடி. அப்புறம் வலி வந்தபோது கூடைப்பந்துப் பருவம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டார். 1977 மார்ச்சில் ஆஸ்டியோசர்கோமா என்று தெரிந்து வலது காலை எடுத்தார்கள். பிழைக்க ஐம்பது சதவீத வாய்ப்பு, இரண்டு வருடம் முன்னால் என்றால் பதினைந்துதான் என்று டாக்டர்கள் அவரிடம் சொன்னார்களாம், கீமோ வந்துகொண்டிருந்த நேரம் அது. 1980 ஏப்ரலில் செயற்கைக் காலோடு நாட்டின் குறுக்கே ஓடத் தொடங்கி, 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடி, நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்தினார். 1981 ஜூனில் இறந்தபோது அவருக்கு இன்னும் 23 வயது முடியவில்லை.

இதைப் படிக்கிற பெற்றோர் எல்லாக் கால்வலிக்கும் நடுங்க வேண்டாம். வளரும் வலி என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது: இரண்டு காலிலும் வரும், சாயங்காலமோ ராத்திரியோ வரும், பிடித்துவிட்டால் போகும், காலையில் பிள்ளை ஓடி விளையாடும், தொட்டால் வலிக்காது, வீக்கம் இருக்காது. ஒரே காலில், ஒரே இடத்தில், வாரக்கணக்கில், படுத்தாலும் விடாமல், தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி என்றால் கதை வேறு, நொண்டல் அல்லது வீக்கம் சேர்ந்தால் இன்னும் வேறு. அப்போது எக்ஸ்ரே கேளுங்கள், எலும்பு முழுசாகத் தெரியும்படி கேளுங்கள். முழங்கால் வலிக்குக் காரணம் இடுப்பு மூட்டில் இருக்கவும் கூடும், முழங்கால் படம் சுத்தமாக இருக்கிறது என்று அதோடு விட்டுவிடக் கூடாது. ராத்திரி வலி எல்லாமே கெட்டது என்றும் இல்லை. ஆஸ்டியாய்ட் ஆஸ்டியோமா என்கிற பொடிக் கட்டி, ஹென்றி ஜாஃபி 1935-இல் சொன்னது, ராத்திரியில் உயிரை எடுக்கும், ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை போட்டால் மந்திரம் போட்ட மாதிரி அடங்கும். இப்போது சி.டி. பார்த்துக்கொண்டே ஊசி செலுத்தி அதைச் சுட்டுவிடுகிறார்கள்.

கட்டி என்று தெரிந்த பிறகு நடக்கும் அவசரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கேயோ ஒரு இடத்தில் 'சின்னக் கட்டிதான், எடுத்துவிடலாம்' என்று எடுத்துவிட்டு, அப்புறம் டப்பாவை எங்களுக்கு அனுப்புவார்கள். அதை விட மோசம், எலும்பு தானாக முறிந்து வந்தவருக்கு, ஏன் முறிந்தது என்று பார்க்காமல் உள்ளே நீளக் கம்பி செலுத்திவிட்டு, 'துளையிடும்போது வந்தது' என்று துணுக்கை அனுப்புவது. கம்பி போன வழியெல்லாம் கட்டியின் செல்களும் போயிருக்கும். பயாப்சி என்பது ஊசி குத்துகிற சமாச்சாரம்தானே என்று நினைக்கிறார்கள். ஊசி போன பாதையைக்கூடப் பின்னால் பெரிய அறுவையில் கட்டியோடு சேர்த்து வெட்டி எடுக்க வேண்டும், அதனால் எந்தப் பக்கம் குத்துவது என்பதை அந்தப் பெரிய அறுவையைச் செய்யப் போகிறவர்தான் சொல்ல வேண்டும், எம்.ஆர்.ஐ. எல்லாம் அதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். ஹென்றி மான்கின் என்கிற அமெரிக்க அறுவை நிபுணரும் கூட்டாளிகளும் 1982-இல் 329 நோயாளிகளின் பயாப்சிகளை அலசினார்கள். நூற்றுக்கு நாலரைப் பேருக்கு, பயாப்சியில் நடந்த கோளாறால் மட்டுமே, தேவையில்லாமல் கையோ காலோ போயிருந்தது. தவறுகள் பெரும்பாலும் முதலில் பார்த்த மருத்துவமனையில் செய்த பயாப்சிகளில்தான். அந்த நாலரையைக் கட்டுரையில் பெட்டி கட்டிப் போட்டிருக்கலாம்.

'காலை எடுப்பதே வழி' என்று கட்டுரையில் ஒரு வரி இருக்கிறதே, தயவுசெய்து அதற்கு ஒரு திருத்தம் போடுங்கள். 1970-களுக்கு முன்னால் அப்படித்தான் இருந்தது, காலை எடுத்தும் ஐந்தில் ஒருவர்தான் பிழைத்தார். கீமோ வந்த பிறகு, நுரையீரலுக்குப் பரவாத ஆஸ்டியோசர்கோமாவில் பத்தில் ஆறேழு பேர் பிழைக்கிறார்கள், பெரும்பாலானவர்களுக்குக் காலைக் காப்பாற்றியே கட்டியை எடுக்கிறார்கள், எடுத்த எலும்புக்குப் பதில் உலோகம் வைக்கிறார்கள். முதலில் கீமோ, அப்புறம் அறுவை, அப்புறம் மறுபடி கீமோ. நடுவில் எங்கள் வேலை ஒன்று உண்டு. எடுத்த எலும்பை ரம்பத்தால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுவிலிருந்து ஒரு பலகை மாதிரி அறுத்து, அதைப் படமெடுத்து, படத்தின் மேல் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் கொடுத்து, அத்தனை துண்டையும் தனித்தனியாக அமிலத்தில் ஊறப்போட்டு ஸ்லைடாக்குவோம். ஒரு காலுக்கு முப்பது நாற்பது ஸ்லைடு வரும். கட்டியில் எத்தனை பங்கு செத்திருக்கிறது என்று டாக்டர் கட்டம் கட்டமாக எண்ணுவார். தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் செத்திருந்தால் கீமோ நன்றாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பதிமூன்று வயசுப் பையனின் எலும்பை அறுத்ததும் நான்தான், கடைசி ஸ்லைடு வரை டாக்டருக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். தொண்ணூற்றைத் தாண்டியது. அதற்கப்புறம் அவன் என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது, ரெஜிஸ்டரில் அதற்கும் கட்டம் இல்லை.

எர்னஸ்ட் கோட்மன் என்று பாஸ்டனில் ஒரு அறுவை மருத்துவர் இருந்தார். எக்ஸ்ரேயில் நான் மேலே சொன்ன முக்கோணத்துக்கு அவர் பெயர்தான். மருத்துவமனைகள் எத்தனை பேருக்கு என்ன செய்தோம் என்று பெருமையடிப்பதை விட்டு, செய்த பிறகு அந்த ஆள் என்ன ஆனார் என்று ஒவ்வொருவருக்கும் அட்டை போட்டு எழுத வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே சக மருத்துவர்களிடம் கெட்ட பெயர் வாங்கியவர். 1920 வாக்கில் எலும்பு சர்கோமாவுக்கென்று ஒரு பதிவேடு தொடங்கி, எல்லா ஊர் மருத்துவர்களிடமும் எக்ஸ்ரேயும் ஸ்லைடும் விவரமும் அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கினார். நூறு வருடம் கழித்தும் நாம் அட்டவணையில் எண்ணுவது வந்தவர்களை மட்டும்தான்.

உங்களிடம் கேட்பது இரண்டு. அந்தக் கட்டுரையாளரிடம் வயது, இடம் இரண்டு பத்திகளையும் வாங்கி முழு அட்டவணையாக மறுபடி போடுங்கள், மைலோமாவைச் சேர்த்தார்களா இல்லையா என்று அடியில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அப்புறம், உங்கள் பத்திரிகையை மருத்துவமனை நடத்துகிறவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன், பயாப்சிச் சீட்டில் இரண்டு கட்டம் கூடுதலாக அச்சடிக்கச் சொல்லி எழுதுங்கள்: முதல் வலி எந்த மாதம், முதல் எக்ஸ்ரே எந்தத் தேதி. நான் ஓய்வு பெறுவதற்கு முன்பே ரெஜிஸ்டர் கணினிக்கு மாறிவிட்டது. வேலை சுலபமாயிற்று, தேடினால் உடனே கிடைக்கிறது. பழைய நோட்டுகளிலிருந்து ஏற்றியபோது கட்டத்துக்குள் இருந்ததை மட்டும் ஏற்றினார்கள், என் பென்சில் எழுத்தெல்லாம் அந்த நோட்டுகளோடு அலமாரியில் கிடக்கிறது.

இன்னொன்று, கட்டுரைக்குப் போட்டிருந்த எக்ஸ்ரே படம் எலும்புக் கட்டியே இல்லை. மணிக்கட்டு முறிவு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக டெக்னீஷியன்